குழந்தைக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கலாமா? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

சென்னைப் பெற்றோர் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். "பையன் வாய் ஓயாம பேசுறான், ஆனா எழுதச் சொன்னா ஓடுறான். ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துடலாமா?" "ஸ்கூல்ல கைரேகை டெஸ்ட்னு நோட்டீஸ் குடுத்திருக்காங்க, பணம் கட்டலாமா மேடம்?" "பத்தாவது முடிச்சிட்டா. பயோ மேத்ஸா, காமர்ஸான்னு சொல்ற மாதிரி ஏதாவது டெஸ்ட் இருக்கா?"

மூன்று கேள்விகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் மூன்றும் "ஐ.க்யூ. டெஸ்ட்" என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. அதனால்தான் எழுத்தில் தடுமாறும் குழந்தை படம் பார்த்துப் புள்ளி வாங்கும் தேர்வை எழுதிவிட்டு வருகிறது. பத்தாம் வகுப்புப் பெண்ணின் விரல்களை ஸ்கேனரில் வைக்கிறார்கள்.

1904-ல் பிரெஞ்சு அரசு அமைத்த குழுவில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே இருந்தார். சாதாரண வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. அடுத்த ஆண்டே அவரும் தியோடர் சிமோனும் தங்கள் தேர்வை வெளியிட்டார்கள். நுண்ணறிவுத் தேர்வு பிறந்ததே ஒரு குழந்தைக்கு உதவுவது பற்றி முடிவெடுக்கத்தான். யார் கெட்டிக்காரர் என்று வரிசைப்படுத்துவது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வேலை. கீழே உள்ள ஒப்பீட்டை அந்த முதல் நோக்கத்தை வைத்தே செய்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எந்த முடிவு மாறும்? 92 என்று வந்தால் ஒன்று, 118 என்று வந்தால் வேறொன்று செய்வீர்களா? எது வந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தத் தேர்வு உங்களுக்குத் தேவையில்லை. மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

யாரோடு ஒப்பிடுகிறார்கள்? உயரம், எடையைப்போல ஐ.க்யூ. நேரடி அளவு அல்ல. ஒரே வயதுள்ள பெரிய குழு ஒன்றுக்கு அதே கேள்விகளைக் கொடுத்து, அவர்களின் சராசரியை 100 என்றும், திட்ட விலக்கத்தை, அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை, 15 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். 85-க்கும் 115-க்கும் நடுவே ஏறக்குறைய 68 சதவீதம் பேர் வருவார்கள். 130-க்கு மேல் சுமார் 2 சதவீதம், 70-க்குக் கீழேயும் அவ்வளவுதான். அந்தக் குழு எந்த நாட்டுக் குழந்தைகள், எந்த ஆண்டு, எந்த மொழி என்பதைப் பொறுத்து உங்கள் குழந்தையின் எண் மாறும். பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி என்ற வேகத்தில் மதிப்பெண்கள் ஏறி வந்ததை நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃப்ளின் 1980-களில் எடுத்துக்காட்டினார். பழைய அளவுகோலை வைத்து இன்றைய குழந்தையை அளந்தால் எண் உயர்ந்தே தெரியும்.

பிழை எவ்வளவு? மிக நல்ல தேர்விலும் பிழை உண்டு. 104 என்று அச்சிட்டிருந்தால் 98-க்கும் 110-க்கும் நடுவே எங்கோ என்று படிக்க வேண்டும். இந்த இடைவெளியைக் குறிப்பிடாத ரிப்போர்ட் அரைகுறையானது.

யார் நடத்துகிறார்? ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

இன்னும் இரண்டு உண்டு: அந்தத் தாள் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் செல்லுமா என்பது, ஃபீஸ் போக வேறு என்னென்ன செலவாகும் என்பது.

## 1. தனியாக உட்காரவைத்து எடுக்கும் முழு ஐ.க்யூ. தேர்வு

இங்கே பெரும்பாலும் மூன்று தேர்வுகளில் ஒன்று கையாளப்படும். டேவிட் வெக்ஸ்லர் 1949-ல் குழந்தைகளுக்காக வெளியிட்ட தேர்வு இப்போது ஐந்தாம் பதிப்பில் இருக்கிறது. நான்காம் பதிப்பு இந்தியக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்திய வடிவிலும் கிடைக்கிறது. 6 முதல் 16 வயது வரை எடுக்கலாம். இரண்டாவது, நாக்பூரில் ஏ.ஜே. மாலின் வெக்ஸ்லரின் பழைய பதிப்பைத் தழுவி 1969-ல் உருவாக்கியது. சுருக்கமாக மிசிக் என்பார்கள். மூன்றாவது பினே-காமத். வி.வி. காமத் 1930-களில் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக உருவாக்கியது. 3 வயதிலிருந்தே எடுக்கலாம் என்பதால் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கும் பழைய முறை அது. டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு சரிவராது. மூன்றில் எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், பள்ளி வயதுக் குழந்தைக்கு இந்தியத் தரப்படுத்தல் கொண்ட வெக்ஸ்லரைத்தான் முதலில் சொல்வேன். மற்ற இரண்டின் அளவுகோல்களும் மிகப் பழையவை.

அறைக்குள் நடப்பதைப் பெற்றோர் பார்ப்பதில்லை, அதனால் சொல்கிறேன். குழந்தையிடம் சில எண்களை நொடிக்கு ஒன்றாகச் சொல்லி, தலைகீழாகத் திரும்பச் சொல்லச் சொல்வோம். ஆறு, இரண்டு, ஒன்பது என்றால் ஒன்பது, இரண்டு, ஆறு. எண்ணிக்கை கூடக்கூட நினைவில் பிடித்துவைத்துத் திருப்பும் வேலை கடினமாகும். இன்னொரு பகுதியில் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை வைத்து, படத்தில் உள்ளதுபோல அடுக்க வேண்டும். அப்போது நான் கடிகாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. எந்த ஓரத்தில் தொடங்குகிறாள், தவறைத் தானே கண்டுபிடித்து மாற்றுகிறாளா, இரண்டு தரம் சரியாக வராததும் கையை மடியில் வைத்துக்கொள்கிறாளா என்பதும் குறிப்பில் ஏறும். ஒரு நல்ல ரிப்போர்ட்டில் எண்ணைவிட இந்தக் குறிப்புகளுக்கே மதிப்பு அதிகம்.

மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இழப்பது இன்னொன்றும் உண்டு. வெக்ஸ்லர் தேர்வில் மொழிப் புரிதல், காட்சிவழிச் சிந்தனை, செயல்நினைவு (மனதில் பிடித்துவைத்து வேலை செய்வது), வேகம் என்று தனித்தனிப் புள்ளிகள் வரும். இரண்டு குழந்தைகளுக்கும் மொத்தம் 102 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு எல்லாமே நூறை ஒட்டி. மற்றவளுக்கு மொழிப் புரிதல் 124, வேகம் 80. இரண்டாமவள்தான் வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் வாயால் பதில் சொல்லிவிட்டு, பரீட்சையில் பாதித் தாளை எழுதாமல் விட்டு வருகிறவள். அவளைச் சோம்பேறி என்று திட்டிய வீட்டுக்கு அந்த நான்கு எண்கள் செய்யும் உபகாரம் பெரிது.

மொழியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தையிடம் ஆங்கிலத்தில் மட்டும் சொற்பொருள் கேட்டால், அளக்கப்படுவது அறிவா, ஆங்கிலப் பழக்கமா என்று பிரிக்க முடியாது. திருவல்லிக்கேணியில் உருது பேசும் வீட்டுக் குழந்தைக்கும் சௌகார்பேட்டையில் மார்வாடி பேசும் வீட்டுக் குழந்தைக்கும் இந்தச் சிக்கல் இரட்டிப்பு.

எண் மாறுமா, மாறாதா? இரண்டுமே உண்மை. ஸ்காட்லாந்தில் 1932-ல் 11 வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய அனைவரும், 87,498 பேர், ஒரே தேர்வை எழுதினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை எண்பது வயதை நெருங்கும்போது இயன் டியரியின் குழு தேடிப்பிடித்து அதே தேர்வை மறுபடி எழுதவைத்தது. இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே தொடர்பு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.6-க்கு மேல் இருந்தது. அறுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்கு அது வியப்பான உறுதி. அதேவேளை, ஒரு வருடம் கூடுதலாகப் பள்ளியில் படிப்பதே 1 முதல் 5 புள்ளிவரை ஏற்றுகிறது என்று 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. ஐந்து வயதுக்கு முன் எடுக்கும் எண் மிகவும் ஆட்டம் காணும். எனவே எல்.கே.ஜி. வயதில் வந்த 135-ஐ நம்பி எதையும் திட்டமிட வேண்டாம், 82-ஐப் பார்த்து அழவும் வேண்டாம்.

எண் 70-க்குக் கீழே வந்தாலும் அது மட்டுமே அறிவுத்திறன் குறைபாடு ஆகிவிடாது. சட்டைப் பட்டன் போடுவது, தெருமுனைக் கடையில் பால் வாங்கி மீதிச் சில்லறையோடு வருவது, தனியே குளிப்பது போன்ற அன்றாடத் திறன்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்காக வைன்லாண்டு அளவுகோலைப் பெற்றோரிடம் கேட்டு நிரப்புவோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இது தேவைப்படும்.

தனியார் கிளினிக்கில் ஃபீஸ் சில ஆயிரங்கள் ஆகும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் ஆகிய இடங்களில் மிகக் குறைந்த செலவில் முடியும். ஆனால் ஓ.பி. சீட்டு, காத்திருப்பு, மறுதேதி என்று சில நாள் கூலியோ லீவோ போகும். பெரிய மறைமுகச் செலவு வீட்டுக்குள்தான். எண்ணைக் குழந்தையின் காதுபடச் சொல்லிவிட்டால், அண்ணன் தங்கைச் சண்டையில் அது ஆண்டுக்கணக்கில் ஆயுதமாகும்.

வளர்ச்சியில் தெளிவான பின்தங்கல், திறன்களுக்கிடையே பெரிய இடைவெளி, சான்றிதழ் தேவை, தலையில் அடிபட்ட பிறகு வந்த மாற்றம் ஆகியவற்றுக்கு இதுவே சரியான தேர்வு. "எவ்வளவு புத்திசாலி என்று தெரிந்துகொள்ளலாமே" என்பதற்கு இது வேண்டாம்.

## 2. கற்றல் குறைபாட்டு மதிப்பீடு

பேச்சில் கெட்டி, எழுத்தில் தடுமாற்றம் என்று வரும் குழந்தைகளில் பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். இதில் ஐ.க்யூ. ஒரு படி மட்டுமே. அதற்குப் பிறகு வாசிப்பு, எழுத்துக்கூட்டல், சொல்வதை எழுதுதல், கணக்கு எல்லாவற்றையும் வகுப்பு மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் திணறுகிறதா, ஆங்கிலத்தில் மட்டுமா என்பதைப் பொறுத்து அடுத்த நடவடிக்கை வேறுபடும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்த பிறகு இந்தத் தாளுக்குச் சட்ட வலுவும் வந்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், ஸ்க்ரைப் (சொல்லச் சொல்ல எழுதித்தருபவர்), மொழித்தாள் சலுகை எல்லாம் இதன்வழிதான். ஆனால் தனியார் ரிப்போர்ட் மட்டும் போதாது, அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். அது 8 வயதுக்குப் பிறகே கிடைக்கும்.

எனக்கு வருத்தம் தருவது காலதாமதம். மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்த தடுமாற்றத்தை "பையன்தானே, வளர்ந்தா சரியாயிடும்" என்று தள்ளிப்போட்டு, பத்தாம் வகுப்பு தொடங்கும் ஜூனில் சான்றிதழுக்காக ஓடிவருகிறார்கள். சான்றிதழ் கிடைத்துவிடும். வாசிக்கக் கற்றுத்தர வேண்டிய ஏழு வருடம் திரும்பி வராது. மறைமுகச் செலவும் அங்கேதான். மதிப்பீடு ஒருமுறை, அதன்பின் வரும் சிறப்புப் பயிற்சி வாரம் இரண்டு மூன்று வகுப்பாக மாதக்கணக்கில் போகும். பட்ஜெட்டைப் பயிற்சிக்காக ஒதுக்குங்கள். 1991-ல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற இடங்களில் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். உங்கள் பள்ளி ஆசிரியரை அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்பது தனி ட்யூஷனைவிட நீண்ட பலன் தரும்.

## 3. ரேவன் போன்ற வடிவத் தேர்வுகள்

ஜான் ரேவன் 1938-ல் வெளியிட்டது. ஐந்து தொகுதி, தொகுதிக்கு 12, மொத்தம் 60 வடிவப் புதிர்கள். விடுபட்ட துண்டைக் கீழே உள்ளவற்றிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சிறு குழந்தைகளுக்கு 36 புதிர் கொண்ட வண்ணப் பதிப்பு உண்டு. மொழி வேண்டாம் என்பதே இதன் பலம். காது கேளாத குழந்தை, வேற்றுமொழி வீட்டுக் குழந்தை, பெரிய வகுப்பை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய பள்ளி என்றால் நல்ல தேர்வு. எல்லா அறிவுத் தேர்வுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்குப் பின்னால் ஒரு பொதுத்திறன் இருக்கிறது என்று 1904-ல் சார்ல்ஸ் ஸ்பியர்மன் சொன்னாரே, அதை ஓரளவு நன்றாகப் பிடிக்கும் தேர்வும் இதுதான்.

ஆனால் மொழி, நினைவு, வேகம் பற்றி இது ஒன்றும் சொல்லாது. எழுத்தில் திணறும் குழந்தை இதில் அருமையாகச் செய்துவிட்டு வரும், வீடும் "ஒரு குறையும் இல்லை" என்று நிம்மதியாகிவிடும். இதே பாணிப் புதிர்கள் இணையத்தில் குவிந்து கிடப்பதால் பயிற்சியில் எண் ஏறவும் செய்யும். ஐ.க்யூ.வில் மேல்மட்ட 2 சதவீதத்தினருக்கான மென்சா சங்கத்தில் உறுப்பினர் ஆவது நோக்கம் என்றால் அவர்கள் நடத்தும் தேர்வை எழுதலாம். அதனால் பள்ளியில் எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்தே எழுதுங்கள். இலவச ஆன்லைன் ஐ.க்யூ. தேர்வுகளில் ஒப்பீட்டுக் குழுவே பெரும்பாலும் கிடையாது. அவற்றை விளையாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

## 4. ஆப்டிட்யூட், விருப்பத் தேர்வுகள்

பத்தாம் வகுப்புக்குப் பின் எந்த குரூப் என்ற கேள்விக்கு ஐ.க்யூ. எண் உதவாது. மொழித்திறன், எண்திறன், இடஞ்சார் சிந்தனை, இயந்திர அறிவு என்று பிரித்துப் பார்க்கும் ஆப்டிட்யூட் தேர்வும், ஜான் ஹாலண்டின் ஆறு வகை விருப்பங்களை ஒட்டிய கேள்விப்பட்டியலும் ஓரளவு உதவும். இவை வாய்ப்புகளை விரித்துக் காட்டும், முடிவை எடுத்துத் தராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022-ல் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்திலேயே வழிகாட்டல் உண்டு, முதலில் அதைக் கேளுங்கள். தனியார் பேக்கேஜ் எடுக்கிறீர்கள் என்றால், தேர்வு முடிந்ததும் குறிப்பிட்ட கல்லூரியையோ கோச்சிங் சென்டரையோ நோக்கித் தள்ளுகிறார்களா என்று கவனியுங்கள். குறைந்த கட்டணத்தில் தேர்வு நடத்திவிட்டு அட்மிஷன் கமிஷனில் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

## 5. கைரேகைத் தேர்வு

டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் பள்ளிகளிலும் அப்பார்ட்மெண்ட் விழாக்களிலும் ஸ்டால் போடுகிறார்கள். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, வண்ண வரைபடங்களோடு தடித்த புத்தகம் தருவார்கள். பணம் கட்டாதீர்கள்.

விரல்ரேகை கருவிலேயே, ஐந்தாம் மாத வாக்கில் உருவாகி முடிந்துவிடுகிறது. மூளை அதன்பிறகு இருபது ஆண்டுக்கு மேல் வளர்ந்து மாறிக்கொண்டிருக்கிறது. ரேகையைப் பார்த்துக் கணிதத்திறனையோ இசைத்திறனையோ சொல்ல முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் நிலைகளில் கைரேகையில் வேறுபாடு தெரியும் என்பது மருத்துவ உண்மை. அதைச் சாக்காக வைத்து "இது மருத்துவ அறிவியல்" என்பார்கள். ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் முன்வைத்த பல்வகை அறிவுக் கோட்பாட்டின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கோட்பாட்டுக்கே ஆய்வு ஆதரவு வலுவாக இல்லை, தவிர அதில் விரல்களைப் பற்றி எதுவும் கிடையாது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

ஃபீஸைவிடப் பெரிய நஷ்டம் அந்தப் புத்தகத்தில் இருக்கும் வாக்கியங்கள். "இந்தக் குழந்தைக்குக் கணக்கு வராது" என்று ஒரு வரி இருந்தால், ஆறு வயதிலேயே வீடு கணக்கைக் கைவிட்டுவிடுகிறது.

## 6. இப்போதைக்கு எதுவும் எடுக்காமல் இருப்பது

இதையும் ஒரு வழியாகவே எண்ணுங்கள், பல வீடுகளுக்கு இதுவே சரி. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். போர்டு தெரியாத குழந்தையும், அடிக்கடி சளி பிடித்துக் காது மந்தமான குழந்தையும் வகுப்பில் "மக்கு" என்று பேர் வாங்குகின்றன. குழந்தை மருத்துவரிடம் ரத்தசோகை இருக்கிறதா என்று கேளுங்கள், தூக்கத்தைக் கவனியுங்கள். பிறகு வகுப்பாசிரியரோடு பேசி, ஒரே ஒரு குறையை, உதாரணத்துக்கு வாசிப்பை, எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கத் தினம் கொஞ்சம் உழைத்துப் பாருங்கள். முன்னேற்றம் இருந்தால் தேர்வு தேவையில்லை. உழைத்தும் நகரவில்லை என்றால் அந்தத் தகவலே மதிப்பீடு செய்பவருக்குப் பெரிய துணை.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்காக ஐ.க்யூ. ரிப்போர்ட் கேட்கிறார்கள் என்றால் எடுக்க வேண்டியதில்லை. சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்துவதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. இரண்டு வயதாகியும் சொற்கள் வரவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, வலிப்பு வந்தது என்றால் ஒரு பருவம் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் கேள்விக்கு | தாள் செல்லுமா | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| முழு ஐ.க்யூ. தேர்வு | வளர்ச்சிப் பின்தங்கல், திறன்களுக்கிடையே இடைவெளி | செல்லும், சான்றிதழுக்கு அரசு மருத்துவக் குழு வேண்டும் | காத்திருப்பு, வீட்டில் ஒட்டிக்கொள்ளும் முத்திரை |
| கற்றல் குறைபாட்டு மதிப்பீடு | வாசிப்பு, எழுத்து, கணக்கில் தடுமாற்றம் | செல்லும், மேலே சொன்ன நிபந்தனையோடு | மாதக்கணக்கில் பயிற்சி |
| ரேவன் வகை | மொழி தடையாக இருக்கும்போது பொதுத்திறன் | தனியாகப் போதாது | பொய்யான நிம்மதி |
| ஆப்டிட்யூட், விருப்பம் | பத்தாவதுக்குப் பின் என்ன | தேவையே இல்லை | அட்மிஷன் விற்பனை |
| கைரேகை | எதற்கும் இல்லை | செல்லாது | தவறான முத்திரை, வீண் பணம் |
| எடுக்காமல் இருப்பது | லேசான, புதிதாகத் தெரியும் தடுமாற்றம் | பொருந்தாது | அதிகம் தள்ளிப்போட்டால் காலம் |

## போவதற்கு முன்

இரண்டு மூன்று வருட மார்க் ஷீட், குழந்தையே கிறுக்கிய சாதாரண நோட்டு, பழைய மருத்துவத் தாள்கள், கண்ணாடி இருந்தால் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காலை நேரம் கேளுங்கள். காய்ச்சல் அன்று, முந்தின இரவு தூங்காத அன்று தேதியை மாற்றுங்கள். குழந்தையிடம் "மூளை டெஸ்ட்" என்று சொல்ல வேண்டாம். "சில புதிர், சில கேள்வி, தெரிஞ்சதைச் சொன்னா போதும்" என்பதே உண்மையும்கூட.

எந்தத் தேர்வு, எந்தப் பதிப்பு, எந்த மொழியில் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரிப்போர்ட்டில் மொத்த எண்ணோடு ஒவ்வொரு பகுதியின் புள்ளியும், பிழை இடைவெளியும், வகுப்பறைக்கான பரிந்துரைகளும் இருக்க வேண்டும். அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். அதே தேர்வை ஒரு வருடத்துக்குள் மறுபடி எடுத்தால் பழக்கத்தாலேயே எண் ஏறிவிடும். எனவே இன்னொரு மருத்துவரிடம் போகும்போது புதிய தேர்வுக்கு உட்கார வைப்பதற்கு முன் இந்தத் தாளை முதலில் அவரிடம் காட்டுங்கள்.